ஃபெமிலியாஸ் 3: கணக்கு கச்சிதம், விகார வீதத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்

தந்தைமைப் பரிசோதனை செய்யும் கொழும்பு ஆய்வுகூடங்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் மென்பொருள் ஃபெமிலியாஸ் 3. நோர்வேயில் தோரே எகலாந்தும் கூட்டாளிகளும் வளர்த்தெடுத்தது. இலவசம், விண்டோஸில் ஓடும். எதிருருக்கள் (ஒரே டி.என்.ஏ. இடத்தின் வெவ்வேறு வடிவங்கள்) மக்களிடையே எவ்வளவு காணப்படுகின்றன என்னும் அதிர்வெண்களை டெக்ஸ்ட் கோப்பாக ஏற்றி, தாய், பிள்ளை, தகப்பன் என்று சொல்லப்படுபவர் ஆகியோரின் உறவைக் கட்டிவிட்டால் நிகழ்தகவு விகிதம் (வேறொருவர் தகப்பன் என்பதைவிட இவர் தகப்பன் என்றால் இந்த முடிவுகள் வர எத்தனை மடங்கு வாய்ப்பு என்பது) உடனே வந்துவிடும்.

எல்லா லோகஸும் (பரிசோதிக்கும் டி.என்.ஏ. இடங்கள்) பொருந்தினால் பிரச்சினையே இல்லை. ஒன்று பொருந்தாதபோதுதான் கவனம் வேண்டும். எஸ்.டி.ஆர். லோகஸ் (சிறு டி.என்.ஏ. துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம்) ஒன்றில் விகாரம், அதாவது பெற்றோரின் எதிருரு பிள்ளைக்கு வரும்போது மாறிவிடுவது, சராசரியாக 0.2 சதவீதமளவில் நடக்கும். 15 லோகஸ் பார்த்தால் உண்மையான தகப்பன்மாரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு எங்காவது ஒன்று பிசகும். வீதத்தைப் பூச்சியமாக விட்டால் அந்த ஒரு லோகஸ் முழு விடையையும் பூச்சியமாக்கிவிடும். புதுக்கடை நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்கு நடத்தும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஓர் உதாரணம். வி.டபிள்யூ.ஏ. லோகஸில் தாய் 15,15, பிள்ளை 15,17, ஆண் 14,16 (ஆளுக்கு இரண்டு எதிருரு; எண் என்பது துண்டு திரும்பும் தடவை). பதினாறு பதினேழாகியிருக்கலாம். வீதம் 0.002, 17இன் அதிர்வெண் 0.25 என்றால் (ஆண் 16ஐக் கடத்துவது பாதி, அது கூடும் பக்கம் மாறுவது பாதி என்பதால்) வீதத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும், விடை 0.002. மற்ற லோகஸ்கள் 40 இலட்சம் தந்திருந்தால் மொத்தம் 8,000 ஆகக் குறையும். இருந்தாலும் சமமான முன்நிகழ்தகவில் (பரிசோதனைக்கு முன் பாதிக்குப் பாதி என்று கொண்டால்) தந்தைமை நிகழ்தகவு 99.98 சதவீதத்துக்கு மேல்தான்.

விகாரத்தைக் கணக்கிடும் மாதிரிகளில் (மொடல்) படிமுறை மாதிரியை எடுங்கள், ரேஞ்ச் 0.1. ஒரு படி என்பது துண்டு ஒரு தடவை கூடுவது அல்லது குறைவது. இரண்டு படி மாறுவது ஒரு படி மாறுவதில் பத்திலொரு பங்கு என்பது அதன் பொருள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வீதத்தைத் தனித்தனியே கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். விந்து வழி விகாரம் பல மடங்கு அதிகம். நிலைத்தன்மையற்ற (தலைமுறைக்குத் தலைமுறை எதிருரு அதிர்வெண்கள் நகரும்) படிமுறை மாதிரியில், பரிசோதிக்காத பாட்டனைப் படத்தில் சேர்த்தாலே விடை சற்று மாறும். இது எங்களுக்குப் பிடிக்காத குணம். தகப்பன் 12 மட்டும், பிள்ளை 14 மட்டும் காட்டினால் விகாரம் என்று அவசரப்படாதீர்கள். பிரைமர் (டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) ஒட்டாமல் ஓர் எதிருரு மறைந்திருக்கலாம். வேறு பிரைமர் உள்ள கிட்டில் திரும்ப ஓட்டிப் பாருங்கள். இப்படி மறையும் சைலன்ட் எதிருருவின் அதிர்வெண்ணையும் நிரப்புங்கள்.

விகார வீதத்தை மட்டும் ஃபெமிலியாஸ் கணித்துத் தராது. உங்கள் பழைய கோப்புகளிலிருந்து எண்ணுவதென்றால், தாயும் பரிசோதிக்கப்பட்ட, மற்ற லோகஸ்களால் தந்தைமை உறுதியான வழக்குகளை மட்டும் எடுங்கள். உண்மைத் தகப்பனின் சகோதரன் உள்ளே வந்துவிட்டால் ஓரிரண்டு பொருந்தாமை விகாரம்போலவே தெரியும். இன்னொரு பக்கம், மாறிய எதிருரு தகப்பனின் மற்ற எதிருருவோடு தற்செயலாக ஒத்துப்போனால் விகாரம் கண்ணிலேயே படாது. ஆகவே எண்ணி வருவது உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

ஒரு லோகஸில் 600 வழக்குகளுக்கு ஒரு விகாரம் கிடைத்தால் 0.17 சதவீதம் என்று எழுதத் தோன்றும். அதன் 95 சதவீத எல்லைகளோ 0.004இலிருந்து 0.93 சதவீதம் வரை. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் பூச்சியம் போடக்கூடாது. மூன்றை 600ஆல் வகுத்தால் வரும் 0.5 சதவீதம்தான் மேல் எல்லை. வெளியான பெரிய தொகுப்பின் எண்ணிக்கையோடு உங்கள் எண்ணிக்கையைக் கூட்டி, லோகஸ் வாரியாக மென்பொருளில் ஏற்றுங்கள். டி.ஹெச்.01, டி.பி.ஓ.எக்ஸ். போன்றவை மிக அரிதாகவே மாறும், எஃப்.ஜி.ஏ. அடிக்கடி மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே 0.002 போடுவது சோம்பேறித்தனம். போட்ட வீதத்தையும் மாதிரியின் பெயரையும் அறிக்கையிலேயே எழுதிவிட்டால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும்போது தேடி அலைய வேண்டியதில்லை.