தாடி, காபி, இரவு 12 மணி: மூன்று சமயப் பல்கலைக்கழகங்களின் நடத்தை விதிகள்

அமெரிக்காவுக்கு இளநிலைப் படிப்புக்குப் போகிற பிள்ளைகள் ரேங்க் பார்க்கிறார்கள், கட்டணம் பார்க்கிறார்கள், குளிர் எவ்வளவு என்றுகூடப் பார்க்கிறார்கள். மாணவர் நடத்தை விதிகளை யாரும் புரட்டுவதில்லை. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பரவாயில்லை. சமய அமைப்பு நடத்தும் கல்லூரி என்றால் கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டியது அதைத்தான்.

மூன்றை எடுத்துக்கொள்கிறேன். யூட்டா மாநிலத்தில் மார்மன் சபை என்ற கிறிஸ்தவ வழிச் சபைக்குச் சொந்தமான பிரிகாம் யங் பல்கலைக்கழகம், சுருக்கமாக பி.ஒய்.யூ. வர்ஜீனியாவில் ஜெரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1971இல் தொடங்கிய லிபர்ட்டி. இண்டியானாவில் 1842 முதல் இருக்கும் கத்தோலிக்க நோட்ர டாம். திருமணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது என்பது மூன்றிலும் எழுத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் மூன்றும் மூன்று பாதை.

எது கூடாது என்ற பட்டியலை மட்டும் பார்த்தால் பி.ஒய்.யூ.வை யாரும் நெருங்க முடியாது. மது, புகையிலை மட்டுமில்லை, டீயும் காபியும்கூடக் கூடாது. டீ இல்லாமல் நான்கு வருஷப் படிப்பு! ஆண்கள் தாடி வைக்கக் கூடாது. மருத்துவக் காரணம், சமயக் காரணம், நாடகத்தில் நடிப்பது போன்றவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். 1960களின் ஹிப்பி அலைக்குப் பயந்து வந்த விதி இது. கல்லூரிக்குப் பெயர் தந்த பிரிகாம் யங்குக்கே நல்ல தாடி உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை. கஃபீன் கலந்த கோலா வளாகத்தில் விற்பனைக்கு வந்ததே 2017இல்தான். 2023இல் ஆண்களின் தலைமுடி, அரைக்கால் சட்டையின் நீளம் பற்றிய விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். தாடி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்து ஒரு கல்லூரியை எடைபோட முடியாது என்பது என் கருத்து. காபியை விட்டுவிடலாம், தாடியை மழித்துவிடலாம். பார்க்க வேண்டியது இரண்டு: மாணவனின் குடுமி யார் கையில் இருக்கிறது? பாதிக்கப்பட்ட ஒருவர் புகார் சொல்ல வந்தால் அந்த விதி அவர் மேலேயே பாய்கிறதா?

பி.ஒய்.யூ.வில் குடுமி கல்லூரியின் கையில் மட்டும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மாணவர் தன் வட்டாரச் சபையின் பிஷப்பிடம் நேர்காணலுக்குப் போய், நன்னடத்தைக்கான ஒப்புதல் வாங்க வேண்டும். பிஷப் என்றதும் அங்கி போட்ட முழுநேரப் பாதிரியாரை நினைக்க வேண்டாம். மார்மன் சபையில் பிஷப் என்பது சம்பளமில்லாத பொறுப்பு. பகலில் அவர் பல் மருத்துவராகவோ கணக்கராகவோ இருப்பார். அவர் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் படிப்பைத் தொடர முடியாது, பட்டமும் கிடைக்காது. முறையிட வேண்டுமானால் முதலில் சபையில் அவருக்கு மேலே இருப்பவரிடம்தான் போக வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒரு மார்மன் மாணவனுக்கு நம்பிக்கை போய், சபையிலிருந்து முறைப்படி விலகிவிட்டான் என்று வையுங்கள். எந்தத் தப்பும் செய்யாமலேயே அவன் வெளியே. அவன் விரும்பினால் வேறு கல்லூரிக்கு மாறலாமே என்பார்கள். சபை உறுப்பினர்களுக்கு அங்கே ஆண்டுக் கட்டணம் சுமார் 7,000 டாலர்தான், மற்றவர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. உறுப்பினர்கள் தரும் தசமபாகப் பணம்தான் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) இந்த மலிவுக்குக் காரணம். இந்த விலைக்கு வேறு எங்கே போவான்?

2020 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓரினச்சேர்க்கை பற்றிய பகுதி ஒழுக்க விதியிலிருந்து சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. பிரிகாம் யங் சிலைக்கு முன்னால் இரண்டு பெண்கள் முத்தமிட்டுக்கொண்ட படம் பரவியது. இரண்டே வாரத்தில் சபையின் கல்வி ஆணையரிடமிருந்து கடிதம் வந்தது: ஒரே பாலினக் காதல் நடத்தை சபையின் கொள்கைக்குப் பொருந்தாது. அதற்குள் தங்கள் ஓரினச்சேர்க்கை நாட்டத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2023இல் அது மறுபடியும் எழுத்திலேயே ஏறிவிட்டது. கடுமையான விதியைவிட இப்படித் திறந்து மூடுகிற விதிதான் எனக்கு மோசமாகப் படுகிறது.

லிபர்ட்டியின் விதிப் புத்தகத்துக்குப் பெயர் 'லிபர்ட்டி வே'. மாணவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் வளாகத்தில் தங்குகிறவர்கள் கூட்டு வழிபாட்டுக்கு வந்தாக வேண்டும். பழைய பதிப்புகளில் குற்றத்துக்கு இத்தனை புள்ளி, இத்தனை டாலர் அபராதம் என்று கணக்கே இருந்தது. பிறகு நிறையத் தளர்த்திவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பி.ஒய்.யூ.வைவிட இலகு. வழிபாட்டு நேரம் போக, நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் இருந்தவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி எதுவும் இருக்காது.

சிக்கல் என் இரண்டாவது கேள்வியில் வருகிறது. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் துறை லிபர்ட்டிக்கு 1.4 கோடி டாலர் அபராதம் போட்டது. வளாகக் குற்றங்களை வெளியிடச் சொல்லும் கிளெரி சட்டத்தின் கீழ் அதற்குமுன் அவ்வளவு பெரிய தொகை யாருக்கும் விழுந்ததில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், தாங்கள் குடித்திருந்தோம் அல்லது ஆண் அறையில் இருந்தோம் என்று சொன்னால் லிபர்ட்டி வே தங்கள் மேலேயே திரும்பும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை என்பது அந்த விசாரணையில் வெளிவந்த விஷயங்களில் ஒன்று. மாணவருக்கு இவ்வளவு கெடுபிடி, தலைமைக்கு? நிறுவனரின் மகன், பல்கலைக்கழகத் தலைவர், கால்சட்டை ஜிப் திறந்த நிலையில் ஒரு பெண்ணோடு நிற்கும் படத்தைத் தன் இன்ஸ்டாகிராமிலேயே போட்டு, 2020 ஆகஸ்டில் வேறு குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொள்ளப் பதவி விலகினார்.

பி.ஒய்.யூ.வும் இதே குழியில் விழுந்ததுதான். புகார் கொடுத்த பெண்களையே ஒழுக்க விதி மீறலுக்காக விசாரித்த கதை 2016இல் வெளியே வந்தது. அதை எழுதிய சால்ட் லேக் ட்ரிப்யூன் நாளிதழுக்கு மறு ஆண்டு இதழியலுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு, புகார் கொடுப்பவர்மீது அந்தச் சம்பவத்தை ஒட்டிய விதிமீறலுக்காக நடவடிக்கை இல்லை என்று பல்கலைக்கழகம் விதியை மாற்றியது. மாட்டிக்கொண்ட பிறகுதான் என்றாலும், மாற்றினார்கள்.

நோட்ர டாமில் விடுதிகள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. எதிர்ப்பாலினத்தவர் அறைக்கு வருவதற்கு நேர வரம்பு உண்டு. அங்கே அதற்கு 'பரைட்டல்ஸ்' என்று பெயர். வார நாள்களில் நள்ளிரவு 12 வரை, வெள்ளி, சனி இரவுகளில் 2 மணி வரை. அதற்குமேல் பேச வேண்டுமானால் பொது அறையில் உட்கார்ந்து விடிய விடியப் பேசலாம். 21 வயது ஆனவர் பீர் குடிக்கலாம். ஒவ்வொரு விடுதியிலும் சிற்றாலயம் இருக்கிறது, போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இறையியல் பாடம் இரண்டு எடுத்தாக வேண்டும். அது படிப்புதான், நம்பிக்கைச் சோதனை இல்லை.

இந்த வித்தியாசத்தின் வேர் 1967இல் இருக்கிறது. அந்த ஆண்டுதான் நோட்ர டாமின் நிர்வாகம் திருச்சிலுவைச் சபை என்ற கத்தோலிக்கத் துறவற அமைப்பிடமிருந்து, குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினரும் உள்ள அறங்காவலர் குழுவுக்கு மாறியது. தலைவராக இன்றும் அந்தச் சபையின் பாதிரியார்தான் வருகிறார். ஆனால் ஒரு மாணவனை வெளியேற்றுவதா என்று முடிவெடுப்பது பல்கலைக்கழகம், பங்குக் குருவானவர் இல்லை. இந்த மூன்றில் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நோட்ர டாமைத்தான் சொல்வேன். கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் என்பது வேறு விஷயம்.

விதிகள் காலத்தோடு மாறும் என்பதற்கு இரண்டு சாட்சி. இல்லினாயின் வீட்டன் கல்லூரியில் மாணவர்கள் நடனம் ஆட அனுமதி கிடைத்தது 2003இல். தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதை 2000 வரை தடைசெய்திருந்தது. அந்தத் தடையால் வரிவிலக்கை இழந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1983இல் தோற்றும் 17 வருஷம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் அதிகம் காப்பாற்றும் என்று நம்பிப் போக வேண்டாம். தனியார் கல்லூரி என்பதால் அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பாதுகாப்பு அங்கே செல்லாது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் சமய நிறுவனங்களுக்கு விலக்கு தருகிறது. அந்த விலக்கை எதிர்த்து 2021இல் 30க்கும் மேற்பட்ட மாணவர்கள் போட்ட வழக்கு 2023இல் தள்ளுபடியானது. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசா கல்லூரிச் சேர்க்கையோடு கட்டப்பட்டது. நடத்தை விதியில் பெயர் அடிபட்டு வெளியே வந்தால், உள்ளூர் மாணவன் வீட்டுக்குப் போய் அடுத்த கல்லூரியை யோசிக்கலாம். நம் பிள்ளை வேறு கல்லூரியில் இடம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அதனால் விதிப் புத்தகத்தைத் திறந்ததும் உடைப் பகுதியில் நேரத்தைக் கழிக்காமல், இடைநீக்கம், மேல்முறையீடு, புகார் கொடுப்பவருக்கான பாதுகாப்பு ஆகிய மூன்றையும் முதலில் தேடிப் படியுங்கள். அவை இல்லை என்றாலோ, இருந்தும் புரியவில்லை என்றாலோ, சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.