ஒரே ‘கொடி’, இரண்டு ஹேஷ்: சைபர்செஃப் பற்றி

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அச்சுக்குப் போகும் பிரதியில் நான் பார்த்து முடித்த பிறகு ஒரு புள்ளிகூட மாறியிருக்கக் கூடாது. அதனால் கோப்பை அனுப்பியதும் அச்சகத்து அண்ணனை அழைத்து, ஷா-256 ஹேஷின் (உரையிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற நீண்ட குறியீடு; ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும்) முதல் எட்டு இலக்கங்களையும் கடைசி எட்டையும் படிக்கச் சொல்வேன். என்னிடம் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் அச்சு.

முன்பு இதற்கு வேறொரு இணையதளம் வைத்திருந்தேன். ஒருநாள் இணையம் துண்டித்திருந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினால் எதுவும் வரவில்லை. அதுவரை நான் ஒட்டிய உரையெல்லாம், இன்னும் வெளிவராத ஒரு நாவல் உட்பட, யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போய்த்தான் ஹேஷாகத் திரும்பியிருக்கிறது. வயிறு கலங்கிவிட்டது. அன்றோடு அதை விட்டேன்.

இப்போது சைபர்செஃப். பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூ 2016-இல் வெளியிட்ட திறமூலக் கருவி. “உளவுத்துறை செய்ததையா நம்புகிறாய்?” என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். மூலநிரல் யாரும் படிக்கும்படி கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், பக்கத்தின் மேலே இடது மூலையில் இருக்கும் இணைப்பிலிருந்து கருவியை முழுதாக இறக்கிக்கொள்ளலாம். நான் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் அதைத் திறக்கிறேன். கணக்கு முழுவதும் என் கணினியின் உலாவிக்குள்ளேயே நடக்கிறது.

இடதுபக்கக் கட்டளைப் பட்டியலிலிருந்து ஷா2-ஐ (ஷா-256 இந்தக் குடும்பத்தில் ஒன்று) நடுவில் இழுத்துப் போட வேண்டும். அளவு 512 என்று இருக்கும், 256 ஆக்க வேண்டும். உரையை ஒட்டினால் கீழே 64 இலக்கங்கள். வெற்று உரைக்கும் ஹேஷ் உண்டு, இ3பி0சி442 என்று தொடங்கும். அண்ணன் அப்படிப் படித்தால் அவர் உரையை ஒட்டவே இல்லை என்று பொருள்.

எனக்கு இந்தக் கருவி மனத்துக்கு நெருக்கமானது ஒரு கவிதைத் தொகுப்பின்போது. இரண்டு கோப்புகள், எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஹேஷ் மட்டும் வேறு. பாதி பாதியாக வெட்டி ஒப்பிட்டுக்கொண்டே போனதில் ‘கொடி’ என்ற ஒரு சொல்லில் வந்து நின்றேன். ஹேஷை எடுத்துவிட்டு, எழுத்துகளைக் கணினி சேமித்துவைக்கும் பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ் கட்டளையைப் போட்டேன். ஒன்றில் ‘கொ’ 6 பைட், மற்றொன்றில் 9. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே ‘கொ’. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தன. நாற்பது ஆண்டுகளாகப் பிழை பார்த்துப் பழகிய கண்ணுக்கு எட்டாத பிழை அது!

அதற்கு மருந்தும் அதே பட்டியலில் இருந்தது: யூனிகோடைச் சீராக்கும் கட்டளை. அதில் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்பதைத் தேர்ந்து ஷா2-க்கு முன்னால் வைத்ததும் இரண்டு ஹேஷும் ஒன்றாயின. இன்றுவரை அந்த வரிசையை மாற்றவில்லை. அடிப்பட்டையில் குறியாக்கம், அதாவது எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை, யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்பதையும், வரிமுடிவு என்ன என்பதையும் பார்த்துக்கொள்வேன். விண்டோஸ் வரிமுடிவும் லினக்ஸ் வரிமுடிவும் வேறு வேறு பைட்டுகள்.

32 இலக்கம்தானே, படிக்க எளிது, எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறை போதாதா என்று அண்ணன் கேட்டார். மறுத்துவிட்டேன். எம்டி5-ஐ உடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைவிட நீளமான ஹேஷ் தரும் ஷா-1 முறைக்கே 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யுஐ ஆய்வு மையமும் கூகுளும் ஒரே ஹேஷ் தரும் இரண்டு வேறு பிடிஎஃப்களைச் செய்து காட்டிவிட்டன.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒட்டிய உரை சிறியதாக இருந்தால் முகவரிப் பட்டையிலும் ஏறிக்கொள்கிறது. சர்வருக்குப் போகாது, ஆனால் உலாவியின் வரலாற்றில் தங்கிவிடும். பிறர் எழுத்தை ஒட்டும்போது நான் தனிப்பட்ட சாளரத்தில்தான் திறக்கிறேன். கடவுச்சொல் எதையும் அந்தப் பெட்டியில் இடுவதில்லை.