எல்லைச் செலவுக்கு வாஷிங்டனிடம் பணம் வாங்க எந்த வழி தேவலாம்?

டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் 2025 ஜனவரியில் வாஷிங்டனிடம் கேட்ட தொகை சுமார் 1,110 கோடி டாலர். மெக்சிகோ எல்லையைக் காக்க 2021 மார்ச்சில் அவர் தொடங்கிய ‘ஆபரேஷன் லோன் ஸ்டார்’ திட்டத்துக்கு மாநிலக் கஜானாவிலிருந்து போன பணம் அது. எல்லையைக் காப்பது மத்திய அரசின் வேலை, நீங்கள் செய்யவில்லை, நாங்கள் செய்தோம், அதனால் பணத்தை எடுத்து வையுங்கள் என்பது அவர் வாதம். கொடுக்கலாமா கூடாதா என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ எந்த வழியில் கொடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று படுகிறது, ஏனென்றால் வழி ஒன்றல்ல, பல.

நீதிமன்ற வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். 1990களில் கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா, நியூ யார்க், நியூ ஜெர்சி என்று வரிசையாக மத்திய அரசிடம் செலவைக் கேட்டு வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாருமே தோற்றார்கள்.

அடுத்தது ‘ஸ்காப்’. 1994 குற்றவியல் சட்டத்தின் வழியாக வந்த இந்தத் திட்டத்தில், ஆவணமில்லாமல் நாட்டில் இருந்து, குற்றம் செய்து சிறைக்குப் போனவர்களுக்காக மாநிலங்களும் கவுன்டிகளும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) செய்யும் செலவில் ஒரு பகுதியை மத்திய அரசின் நீதித்துறை தருகிறது. ஒரு பகுதி என்றால் உண்மையிலேயே ஒரு பகுதிதான். சிறைக் காவலரின் சம்பளம் மட்டும் கணக்கில் வரும், சாப்பாடு, மருத்துவம் எதுவும் வராது. கைதி தொடர்ந்து நான்கு நாளாவது உள்ளே இருந்திருக்க வேண்டும். அப்புறம், அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிய தொகையை விண்ணப்பித்த எல்லாருக்கும் பங்கு போடுவார்கள். ஒரு காலத்தில் 50 கோடி டாலரைத் தாண்டிய ஒதுக்கீடு, பிறகு 20 கோடி சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. இதில் கடுப்பாகி, அரிசோனா ஆளுநராக இருந்த ஜேனட் நபாலிட்டானோ 2005இல் நீதித்துறைக்கு 11.8 கோடி டாலருக்கு ஒரு பில்லே போட்டு அனுப்பினார், கடைக்காரர் பாக்கி கேட்கிற மாதிரி. அதே அம்மா 2009இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கே செயலர் ஆனார் என்பது தனிக் கதை.

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘ஸ்டோன்கார்டன்’ மானியத் திட்டம் இதற்கு நேர் எதிர். செலவு செய்துவிட்டுக் கேட்பதல்ல, கேட்டுவிட்டுச் செலவு செய்வது. எல்லையோரக் கவுன்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப், மத்திய அரசின் எல்லைக் காவல் படையோடு உட்கார்ந்து எங்கே, எப்போது, எத்தனை பேர் ரோந்து போவது என்று திட்டம் எழுதுகிறார், மேலிடம் ஒப்புதல் தருகிறது, அதன் பிறகுதான் வண்டி கிளம்புகிறது. ஓவர்டைம், பெட்ரோல், வண்டி ஓடிய மைல், கொஞ்சம் கருவிகள், இவ்வளவுதான் தேறும். ஷிப்ட் முடிந்து வந்த ஷெரிஃப்பின் ஆள் அன்றைக்கு என்ன செய்தார் என்று தினசரி அறிக்கை வேறு எழுத வேண்டும். எரிச்சலான வேலைதான், ஆனால் வரிப்பணம் எங்கே போனது என்று யாராவது கேட்டால் நீட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது. குறை என்னவென்றால் தொகை மிகச் சிறியது. பல ஆண்டுகள் நாடு முழுவதற்கும் 9 கோடி டாலர்தான்.

தேசியக் காவல் படையை ‘டைட்டில் 32’இன் கீழ் இறக்குவது இன்னொரு வழி. கட்டளை ஆளுநர் கையில், சம்பளம் வாஷிங்டன் கையில். 2006இல் ஜார்ஜ் புஷ் 6,000 பேர் வரை அனுப்பிய ‘ஜம்ப் ஸ்டார்ட்’ அப்படித்தான் நடந்தது. பின்னால் பாக்கிச் சண்டையே வராது. ஆனால் இதற்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், ரிபப்ளிகன் அபாட்டும் அப்போது அதிபராக இருந்த டெமாக்ரட் பைடனும் ஒத்துப்போவதாவது!

கடைசியில் ஜெயித்தது மொத்தமாக ஒரே காசோலை என்கிற வழி. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய பட்ஜெட் சட்டத்தில் மாநிலங்களின் எல்லைச் செலவுக்கு 1,000 கோடி டாலர் நிதி ஒன்று இருக்கிறது. அதுபோக நீதித்துறை வழியாக இன்னொரு 350 கோடி, அதன் நீளமான பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘பைடன்’ என்று வரும்படி மெனக்கெட்டு வைத்திருக்கிறார்கள். 1,000 கோடி நிதியில் 2021 ஜனவரி 20 முதல் செய்த வேலைகளுக்கான செலவைக் கேட்கலாம், அது பைடன் பதவியேற்ற நாள். சுவர், வேலி, ஆற்றில் மிதவைகள் எல்லாம் பட்டியலில் உண்டு. ஈகிள் பாஸ் பக்கத்தில் 2023இல் ரியோ கிராண்டில் போட்ட மிதவைகளை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டது இதே மத்திய அரசுதான். ஒரு நிர்வாகம் சட்டவிரோதம் என்று சொன்னதற்கு அடுத்த நிர்வாகம் பணம் தருகிறது.

டெக்சாஸின் நிதிப் பொறுப்பில் நான் இருந்தால் யோசிக்காமல் இந்தக் காசோலையைத்தான் கேட்பேன். ஸ்டோன்கார்டனில் நூறு வருடம் நின்றாலும் இந்தத் தொகை வராது. ஆனால் கலிஃபோர்னியாவிலோ ஒஹாயோவிலோ வரி கட்டுபவனாக இருந்தால் எனக்கு ஸ்டோன்கார்டன் மாதிரி முன்கூட்டியே பேசி முடித்த வழிதான் வேண்டும், தொகையை மட்டும் பத்து மடங்காக்கட்டும். கேட்காமல் செலவழித்துவிட்டு நம்ம ஆள் வெள்ளை மாளிகைக்கு வரும்வரை காத்திருந்தால் போதும் என்று ஒருமுறை ஆகிவிட்டால், அடுத்த ஆளுநர் எதற்காக உட்கார்ந்து திட்டம் எழுதப்போகிறார்?

அந்தப் பட்டியலையே பாருங்களேன். ஆவணமில்லாதவர்களைச் சின்ன ஊர்களிலிருந்து நாட்டின் வேறு இடங்களுக்குக் கொண்டுபோன செலவும் அதில் இருக்கிறது, அதாவது அபாட் 2022 முதல் அனுப்பிய பஸ்களுக்கு வழி திறந்திருக்கிறது. அந்தப் பஸ்களில் பல போய் நின்ற நியூ யார்க் நகரம், வந்து சேர்ந்த புலம்பெயர்ந்தோருக்காக 500 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அவர்களுக்குப் போட்ட கட்டில் பட்டியலில் இல்லை. அதற்கென்று மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபெமா ஏற்கெனவே தந்திருந்த 8 கோடி டாலரையும் 2025 பிப்ரவரியில் நகரத்தின் வங்கிக் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.