கட்டுநாயக்காவா, பலாலியா: திருகோணமலைப் பயணிகளின் தீராத வழக்கு

திருகோணமலையில் அடிக்கடி விமானம் ஏறுபவர்கள் சிலர், பின்னேரங்களில் உட்துறைமுக வீதியோரத்துத் தேநீர்க் கடையொன்றில் கூடுவதுண்டு. மாதம் ஒருமுறை சென்னைக்குச் சென்று புடைவை கொள்முதல் செய்யும் வியாபாரி, திருச்சியில் மணமுடித்திருக்கும் மகளைப் பார்க்கச் செல்லும் ஓய்வுபெற்ற ஆசிரியை, நான்கு மாதம் கடலிலும் இரண்டு மாதம் வீட்டிலுமாக வாழும் கப்பல் பொறியியலாளர் ஆகியோருடன், வேலை நிமித்தம் ஆண்டுக்கு நான்கைந்து தடவை சென்னை செல்லும் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பேச்சு எப்போதும் விமானச்சீட்டின் விலையில் தொடங்கி, ஹபரணைக் காட்டில் வீதியை மறித்து நின்ற யானையில் போய் முடியும். விமானத்துக்குள் நடந்ததைப் பற்றி எவரும் கதைப்பதில்லை. விமானத்தைப் போய்ச் சேர்ந்த கதைதான் எல்லோரிடமும் இருக்கிறது.

இந்த வழக்கின் வேர் வரைபடத்திலேயே உள்ளது. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும், ஹொரவப்பொத்தானை, வவுனியா, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ ஒன்றேதான். இரண்டுமே சுமார் 250 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தவருக்குப் பலாலியும் நீர்கொழும்பாருக்குக் கட்டுநாயக்காவும் கேள்விக்கு இடமின்றி அமைந்துவிட, நடுவில் நிற்கும் நாங்கள் மட்டுமே ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசிய காலத்துக்கு முன்பிருந்தே இங்குள்ள சீனன்குடாவில் ஒரு விமானத்தளம் இருக்கிறது. உள்ளூர்ச் சேவையாகச் சிறிய செஸ்னா விமானங்கள் அங்கு வந்து போயிருந்தாலும், அவற்றின் கட்டணமும் இருக்கைகளின் எண்ணிக்கையும் எங்களைப் போன்றவர்களுக்கானவை அல்ல. ஆகவே, வீட்டு வாசலில் ஓடுபாதை இருக்க, ஐந்தாறு மணித்தியாலம் வீதியால் சென்று வேறொரு ஓடுபாதையைத் தேடுகிறோம்.

முதலில் கட்டுநாயக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கு செல்வதற்கு இரவுப் புகையிரதம், பேருந்து, வாடகை வான் என மூன்று வழிகள் உண்டு. 1927 ஆம் ஆண்டு முதல் ஓடும் திருகோணமலைப் புகையிரதப் பாதையில் செல்லும் இரவுத் தபால் வண்டியே இவற்றுள் மலிவானது. காலை விமானத்துக்குப் போகிறவருக்கு அதன் நேரமும் ஓரளவு பொருந்தும். றாகமையில் இறங்கிப் புத்தளம் பாதையில் கட்டுநாயக்கா செல்லும் வண்டிக்கு மாறலாம். அல்லது கொழும்புக் கோட்டை நிலையம் வரை சென்று, 187 ஆம் இலக்கப் பேருந்தைப் பிடிக்கலாம். ஆனால் கல்லோயாச் சந்திக்கு இருபுறமும் உள்ள காட்டுப் பகுதியில் யானைகளுக்காக வண்டி வேகம் குறைத்து ஊர்வதும், எதிரே வரும் வண்டிக்காக ஒற்றைப் பாதையில் காத்து நிற்பதும் வழக்கம் என்பதால், நேர அட்டவணையை நம்பி விமானத்தைப் பிடிப்பவர் இரண்டு மணித்தியாலத்தையாவது கையில் மிச்சம் வைத்திருக்க வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு றாகமை மேடையில் இரண்டு பெட்டிகளோடு நின்று, அடுத்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று சிங்களத்தில் கேட்டறியும் துணிவும் வேண்டும். பொறியியலாளர் இந்த வழியை விரும்புகிறார். கப்பலில் கிடைக்காத ஆட்டத்தைப் புகையிரதம் தருகிறது என்பது அவர் கூறும் காரணம். அதை நாங்கள் எவரும் முழுமையாக நம்பவில்லை.

கொழும்பு செல்லும் 49 ஆம் இலக்கப் பேருந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவுச் சேவைகள் வேகமாகச் செல்லும். அந்த வேகமே அவற்றின் குறையும் ஆகும். பெரிய பெட்டிகளுக்குச் சில நடத்துநர்கள் தனிக் கட்டணம் கேட்பார்கள், சிலர் கேட்பதில்லை.

வாடகை வான்தான் உண்மையில் கட்டுநாயக்காவின் பலம். இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் ஏறினால், ஹபரணையில் ஒரு பிளேன்ரீ குடித்து, மரக்கறி லொறிகள் வரிசைகட்டி நிற்கும் தம்புள்ளையைக் கடந்து, குருநாகலுக்குப் பின் நாரம்மல, கிரியுல்ல, மினுவாங்கொடை என்று குறுக்கு வழியில் திரும்பி, கொழும்பு நெரிசலைத் தொடாமலேயே விடியுமுன் விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். நால்வர் சேர்ந்து சென்றால் செலவும் தாங்கக்கூடியதே. தனியாகச் செல்பவருக்கோ, வான் வாடகை சில வேளைகளில் சென்னைக்கான விமானச்சீட்டையே எட்டிவிடும். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாடகை கேட்பதற்கே நாங்கள் அஞ்சினோம். அந்த மாதங்களில் இரவுப் புகையிரதத்தில் நின்றுகொண்டு செல்வதற்குக்கூட இடம் கிடைக்கவில்லை.

இனிப் பலாலி. 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் அது திறக்கப்பட்டபோது, தேநீர்க் கடையில் வியாபாரி அனைவருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கிய சில மாதங்களில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் சேவை மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னைச் சேவையைத் தொடங்கி, 2025 மார்ச் இறுதியில் திருச்சியையும் இணைத்தது. இருபுறமும் விசிறிகள் சுழலும் ஏ.ரி.ஆர். விமானங்களே இங்கு வருகின்றன. எழுபதுக்குச் சற்றுக் கூடுதலான பயணிகளே அதில் ஏறலாம். சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போதும்.

பலாலியின் மேன்மை அதன் சிறுமையில் இருக்கிறது. கட்டுநாயக்காவில் வளைகுடா செல்லும் கூட்டத்துக்குப் பின்னால் குடிவரவு வரிசையில் நின்று கால் வலித்தவருக்கு, ஒரேயொரு விமானத்தின் பயணிகள் மட்டுமே நிற்கும் மண்டபம் பெரும் ஆறுதல். அதிகாரிகளுடன் தமிழில் கதைக்கலாம் என்பதை ஆசிரியை முதற்காரணமாகச் சொல்கிறார். பகல் விமானம் என்பதால் இரவு விழிக்க வேண்டியதில்லை, "நித்திரை கொள்ளாமல் போய் மகளின் முகத்தைப் பார்த்து என்ன பயன், தம்பி?" என்பது அவருடைய வாதம். அவர் முதல் நாளே யாழ்ப்பாணம் சென்று, உறவினர் வீட்டில் தங்கி, நல்லூர்க் கோயிலுக்கும் போய்விட்டு மறுநாள் பறக்கிறார். யாழ்ப்பாணத்தில் உறவினர் இல்லாதவருக்கு அந்த இரவு ஒரு விடுதிச் செலவாகிறது என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. திருகோணமலை–வவுனியா வீதியில் பன்குளம் தாண்டியதும் கடைகள் குறைந்துவிடும். வாகனம் பழுதானால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அந்த வீதியும் நம்பத்தக்கதன்று, பலாலியின் வானமும் நம்பத்தக்கதன்று. ஒரு மார்கழியில் நான் சென்னையிலிருந்து ஏறிய விமானம், பலாலிக்கு மேல் முகிலுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பியது. கீழே வந்து நின்ற வான்காரர் விமானத்தின் சத்தம் கேட்டதாக வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல, வீட்டில் எனக்குச் சோறு வடித்துவிட்டார்கள். கட்டுநாயக்காவில் ஒரு விமானம் தவறினால் அன்றே இன்னொன்று இருக்கும். பலாலியில் தவறினால் பெரும்பாலும் மறுநாள்தான்.

அடுத்தது பொதி. சிறிய விமானத்தில் மேலதிக எடைக்குக் கெஞ்சிப் பயனில்லை. வியாபாரி பலாலி திறந்ததற்கு வடை வாங்கியவர்தான் என்றாலும், புடைவைக் கட்டுகளோடு திரும்பும்போது கட்டுநாயக்காவையே நாடுகிறார். இந்த முரண்பாட்டை நாங்கள் வாரம் ஒருமுறையாவது அவருக்கு நினைவூட்டுகிறோம். ஊரிலிருந்து கொண்டு செல்பவற்றில் கருவாடு பலமாகச் சுற்றப்பட்டால் இரு வழியிலும் போகும். சட்டித் தயிரைக் கைப்பொதியில் கொண்டு செல்ல முயன்ற ஆசிரியை, அது திரவமா திண்மமா என்று பாதுகாப்பு அதிகாரியுடன் தமிழில் நெடுநேரம் வாதாடித் தோற்றார். தமிழில் தோற்றது மனதுக்கு இதமாக இருந்தது என்று பின்னர் சொன்னார்.

சென்னைக்கும் திருச்சிக்கும் அப்பால் செல்பவருக்கு இந்த ஒப்பீடே தேவையற்றது. பலாலியிலிருந்து சென்னை சென்று, தனியாக வாங்கிய இன்னொரு சீட்டில் சிங்கப்பூருக்கோ டுபாய்க்கோ மாற நினைப்பவர், பொதியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க இந்தியக் குடிவரவைக் கடந்தாக வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதற்கு விசா தேவை. கப்பலில் சேர வேண்டிய நாள் தவறினால் வேலையே தவறும் என்ற நிலையில், பொறியியலாளர் கட்டுநாயக்காவை விட்டு அசையாதது நியாயமே. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 இல் தொடங்கிய பயணிகள் கப்பலைப் பற்றி அவரிடம் கேட்டால், விடுமுறையிலும் கப்பலா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

என் தீர்ப்பைக் கேட்டால், தை முதல் புரட்டாதி வரை, கைப்பொதியோடு, சென்னைக்கோ திருச்சிக்கோ மட்டும் செல்பவர் பலாலியைத் தேர்ந்தெடுக்கலாம். வயதானவர்களை அழைத்துச் செல்பவர் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். மழை மாதங்களிலும், பெட்டிகள் பெருத்த பயணங்களிலும், குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் உள்ளபோதும் கட்டுநாயக்காவே சரி; அதிலும் மூவராவது சேர்ந்தால் வான், தனியாளாயின் புகையிரதம். அடுத்த மாதம் நான் பலாலி வழியாகப் போய்க் கட்டுநாயக்கா வழியாகத் திரும்புவதாகப் பதிவு செய்திருக்கிறேன். இதை இரு தரப்பும் துரோகம் என்கின்றன. வியாபாரி மட்டும், திரும்பும் வானில் இரண்டு கட்டுக்கு இடம் இருக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார்.