அசலா, நகலா? கடலோரத்து வீட்டில் பழைய வீடியோ கேம்

எங்கள் வீட்டிலிருந்து கொளச்சல் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னல் கம்பியே ஒரு மழைக்காலம் தாண்டினால் பெயின்ட் கேட்கிறது, பழைய கேம் மெஷின் மட்டும் தப்புமா? இந்தக் காற்றில் நான் வைத்துப் பார்த்தவை மூன்று: ஜப்பானில் செய்த அசல் ஃபேமிகாம், 'டிவி கேம்' என்று நம் ஊரில் விற்ற அதன் நகல், அப்புறம் ப்ளேஸ்டேஷன் 2. ஆன்லைனில் கிடைக்கிற, டிவியில் செருகி ஆடும் கேம் ஸ்டிக்கையும் கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன்.

அசல் ஃபேமிகாம் 1983 ஜூலையில் நின்டென்டோ வெளியிட்டது. வெள்ளையும் அடர்சிவப்புமாகப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் பார்சலைப் பிரித்ததுமே தலைவலி தொடங்கும். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். அதன் அடாப்டரை நம் 230-ல் நேராகச் செருகினால் அன்றோடு சரி, வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அடுத்தது படம். ஆன்டெனா வயர் வழியாக, ஜப்பான் சேனல் 1 அல்லது 2-ல் வரும். சேனல் 2 என்பது 96 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் ஊரில் அது ரேடியோவின் இடம், நாகர்கோவில் எஃப்எம் பாடுகிற 101 அதற்குள்தான் இருக்கிறது! நம் டிவியில் தேடினால் பெரும்பாலும் மரியோ ஒழுங்காக வரமாட்டார். ஏவி வயர் வைத்து மாற்றிய மெஷினையோ, 1993-ல் வந்த ஏவி மாடலையோதான் தேட வேண்டும். இரண்டும் விலை அதிகம்.

நகலுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சவுதியில் இருந்த சித்தப்பா லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டியை அன்றைக்கே டிவியில் மாட்டி, விடியும்வரை கான்ட்ரா ஆடினோம். மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ என்று பட்டனை அழுத்தினால் முப்பது உயிர். '9999 இன் 1' கேசட்டில் உண்மையில் இருந்தது பத்துப் பன்னிரண்டு கேம்தான், மற்றதெல்லாம் அதே கேம் வேறு லெவலில் தொடங்கும். உள்ளே பிரித்தால் அசலில் தனித்தனியாக இருக்கும் சிப்புகளுக்குப் பதிலாக, கறுப்பு பிசின் பொட்டுக்கு அடியில் ஒரே சிப். தக்கலையில் எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மக்கா, சிப்பு போச்சுன்னா எனக்க கிட்ட கொண்டு வராத. உப்பு பிடிச்சதுன்னா கொண்டு வா."

ஆனாலும் என் ஓட்டு நகலுக்குத்தான், காரணம் வேகம். ஜப்பான் டிவிக்கு நொடிக்கு 60 படம், நம் ஊர் பால் (PAL) முறை டிவிக்கு 50. நம் பக்கம் விற்ற நகல்கள் பெரும்பாலும் 50-க்குச் செய்தவை. மரியோ ஓடுவதும் பின்னால் வருகிற பாட்டும் அந்தப் படக் கணக்கை வைத்துத்தான் நகரும் என்பதால், ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் போகும். நாம் மனப்பாடம் செய்தது அந்த மெதுவான மரியோவை. அசலை முதல்முறை ஓட்டியபோது பாட்டு ஏதோ பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி இருந்தது, முதல் குழியிலேயே விழுந்தேன். நினைவுக்காக வாங்குகிறவருக்கு, ஜப்பான்காரருடைய அசல் நம் அசல் இல்லை.

உப்பு விஷயத்தில் ஃபேமிகாமும் நகலும் ஒன்றுதான். உப்பு ஈரத்தை இழுக்கும், நமக்கோ தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. கேசட்டின் செம்புப் பற்களில் பச்சை படியும். படம் வராவிட்டால் வாயால் ஊதுவோமே, அது எச்சில் ஈரத்தைச் சேர்த்து நிலைமையை மோசமாக்கும். நின்டென்டோவே ஊதாதீர்கள் என்றது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பட்ஸில் தொட்டுத் துடைத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்தால் போதும். இவற்றில் சுழலும் பாகமே இல்லை என்பது பெரிய நிம்மதி.

ப்ளேஸ்டேஷன் 2-ல் அந்த நிம்மதி இல்லை. 2000-த்தில் வந்து 15 கோடிக்கு மேல் விற்ற மெஷின், அதனால் செகண்ட் ஹேண்டில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஃபேன் உப்புக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், லேசர் லென்ஸ் மங்கும், பிறகு டிஸ்க்கைப் படிக்காது. என்னிடம் இருந்தது இரண்டாவது மழைக்காலத்தோடு போய்விட்டது. குலசேகரம் பக்கம், கடல் தள்ளி இருக்கிறவர்கள் தைரியமாக வாங்கலாம்.

கேம் ஸ்டிக் மலிவு, உப்பு பிடித்தாலும் அழவேண்டாம். அதில் இருக்கும் ஆயிரக்கணக்கான கேம்கள் அனுமதி வாங்கிப் போட்டவை இல்லைதான். 9999 கேசட்டில் வளர்ந்த நான் அதைக் குறை சொல்ல முடியாது. எனக்கு ஒத்துவராதது வேறு: பட்டனை அழுத்தியபின் ஒரு இமைப்பொழுது கழித்துத்தான் குதிக்கும், வேகமும் 60.

எதை வாங்கினாலும் வீட்டில் குண்டு டிவி இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வாத்து சுடும் டக் ஹன்ட் கேமின் துப்பாக்கி அதில் மட்டும்தான் வேலை செய்யும். சுட்டதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும், துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். எல்சிடி அதைத் தாமதமாகக் காட்டுவதால் வாத்து எப்போதும் தப்பிவிடும்.

போன லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். குண்டு டிவியைப் போட்டு, நகலை மாட்டி, மரியோவை அவன் கையில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் ஆடிவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "மாமா, இங்க நெட் ஸ்லோவா?"