புலால் விலக்கா, புலால் குறைப்பா, அருகில் விளைந்ததா?

உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒருசேர நன்மை தரும் உணவுமுறையைத் தேடுவோர் முன் பொதுவாக மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன: விலங்குகளிடமிருந்து கிடைக்கும் அனைத்தையும் கைவிடுவது, இறைச்சியைக் குறைத்துக்கொள்வது, எதை உண்டாலும் அருகில் விளைந்ததையே உண்பது. கேட்பதற்கு மூன்றாவதே இனிமையானது. சூழல் கணக்கில் மிகவும் பின்தங்குவதும் அதுவே.

ஜோசஃப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 119 நாடுகளில் உள்ள ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து, 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்தத் தரவுகளின்படி, உணவினால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 விழுக்காடுதான். பெரும்பகுதி வயலிலும் தொழுவத்திலுமே உருவாகிவிடுவதால், கடல் கடந்து கப்பலில் வந்த பயறு, பக்கத்துப் பண்ணையின் மாட்டிறைச்சியைவிடச் சூழலுக்குப் பன்மடங்கு இலகுவானது. விமானத்தில் பறந்து வரும் காய்கனிகளை மட்டும் விதிவிலக்காகக் கொள்ளலாம்.

ஆகவே உண்மையான போட்டி முதல் இரண்டு வழிகளுக்கு இடையேதான். 100 கிராம் புரதம் பெற, இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டினால் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வாயுக்கள் வெளியாகின்றன. கோழிக்கு இது 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் உண்டாகும் மீத்தேனும், அவற்றின் தீவனத்துக்கும் மேய்ச்சலுக்கும் தேவைப்படும் பரந்த நிலமும் இதற்கு முக்கியக் காரணங்கள். மாட்டையும் ஆட்டையும் விட்டாலே பலனில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடுகிறது என்பது குறைப்பவருக்குச் சாதகம். ஆனாலும் முழு விலக்கு இன்னும் முன்னே செல்கிறது: உலகமே அவ்வாறு மாறினால் உணவு உற்பத்திக்கான நிலத்தேவை 76 விழுக்காடு குறையும் என்று அதே ஆய்வு மதிப்பிடுகிறது.

உடல்நலத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. தாவர உணவில் வைட்டமின் பி12 நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை என்பதால், முழுமையாக விலக்குபவர் மாத்திரையையோ அச்சத்து சேர்க்கப்பட்ட உணவையோ தவறாமல் உட்கொண்டாக வேண்டும். தாவரங்களில் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஈர்க்கிறது; வைட்டமின் சி நிறைந்த பழங்களை உடன் உண்டால் அது மேம்படும், உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். சர்க்கரைப் பானமும் எண்ணெயில் பொரித்த வறுவலும்கூடத் தாவர உணவே என்பதைப் பலர் எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

குறைப்பவருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழும். உடல்நலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ற உணவுமுறையை வகுத்த பன்னாட்டு அறிவியலாளர் குழுவான ஈட்-லான்செட் ஆணையம் 2019-இல் பரிந்துரைத்த அளவு நாளொன்றுக்கு 14 கிராம் சிவப்பிறைச்சி, அதாவது வாரத்துக்கு ஒரு சிறு பரிமாறல். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்ததால், முதலில் நீக்க வேண்டியது அதுவே.

பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாம் வழியைத்தான். அதில் ஒரு பொறியும் உண்டு: தட்டிலிருந்து கோழியை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பாலாடைக்கட்டியால் நிரப்பினால், அதே அளவு புரதத்துக்கு உமிழ்வு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். இறைச்சி விட்டுச்செல்லும் இடத்துக்கு வர வேண்டியவை பருப்பும் பயறும் கொட்டைகளுமே.