ஸ்டென்சிலா, சிரிஞ்சா?

ஒன்றிரண்டு சர்க்யூட் போர்டுதான் என்றால் சோல்டர் பேஸ்ட் (சூட்டில் உருகிப் பாகங்களைப் போர்டோடு இணைக்கும் உலோகப் பசை) வைக்க சிரிஞ்ச் போதும். ரிப்பேருக்கும் அதுதான் வசதி. ஆனால் 0.5 மி.மீ. இடைவெளியில் கால்கள் நிற்கும் ஐசி (சிப்) வந்தால், பேஸ்ட் பக்கத்துப் பேடோடு (கால் உட்காரும் உலோகப் பரப்பு) ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டென்சில் என்பது லேசரில் துளை வெட்டிய, 0.12 மி.மீ. போல மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. போர்டின் மேல் அசையாமல் படியவைத்து, ஸ்க்வீஜியை (பேஸ்டை வழிக்கும் தட்டையான பட்டை) சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு; எல்லாப் பேடிலும் ஒரே உயரத்தில் பேஸ்ட். தகட்டை நேராக மேலே தூக்க வேண்டும், சாய்த்தால் மூலைகள் இழுபடும். தகடு தடிமனாகி துளை சின்னதானால் பேஸ்ட் துளைச் சுவரிலேயே தங்கிவிடும். துளையின் பரப்பு சுவர்ப் பரப்பில் 0.66 பங்குக்குக் குறையக் கூடாது என்பது தொழில் கணக்கு.

டிசைன் மாறினால் புதுத் தகடு வேண்டும், செலவுதான். சரி, பத்து போர்டைத் தாண்டினால் நான் யோசிக்கவே மாட்டேன்: ஸ்டென்சில்.